சுண்டெலிக் குட்டிக்குக் காது கேட்பது எப்போது?

மனிதக் குழந்தை கருவிலேயே ஒலி கேட்கும். சுண்டெலிக் குட்டிக்கோ பிறந்து சுமார் 12 நாள் வரை காது கேட்காது. ஏன்?

காதுத்துளை மூடியிருப்பது ஒரு காரணம். உட்காதுத் திரவம் முதிராதது இன்னொன்று. செல்லுக்கு வெளியேயுள்ள மற்ற உடல் திரவங்களில் சோடியம் மிகுதி. உட்காதின் எண்டோலிம்ப் என்ற திரவத்தில் மட்டும் பொட்டாசியம் மிகுதி. ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ் என்ற திசு அதை இறைத்து, திரவத்துக்குச் சுமார் 80 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தமும் தருகிறது. ஒலி மயிர்ச்செல்லின் நுண்மயிரை வளைத்ததும், அந்த அழுத்தமே பொட்டாசியத்தை உள்ளே தள்ளுகிறது. அதிலிருந்து நரம்புச் சைகை பிறக்கிறது.

எனக்கு வியப்பு இதுதான்: குட்டியின் எண்டோலிம்பில் பொட்டாசியம் முன்பே நிறைந்துவிட, மின்னழுத்தம் இரண்டாம் வாரத்தில்தான் உச்சத்தை நெருங்குகிறது.

மனிதரிலோ, உட்காதில் செயல்படும் கனெக்சின் 26 என்ற புரதத்தின் மரபணுவில் பழுதிருந்தால் பிறவியிலேயே கேட்கும் திறன் குறையலாம். ஆகவே குழந்தை பிறந்த முதல் மாதத்திலேயே செவித்திறன் சோதனை செய்துவிடுங்கள்.