நிர்வாணமா நீந்தித் தப்பிய மார்ட்டின்!

1842 டிசம்பர் கடைசி. டாஸ்மேனியா தீவில், ராத்திரி நேரம், கடலிலிருந்து மூன்று பேர் கரையேறுகிறார்கள். உடம்பில் ஒட்டுத்துணி கிடையாது! துணியைச் சுருட்டித் தலையில் கட்டிக்கிட்டுத்தான் தண்ணியில இறங்கினாங்க. அலை வந்து அத்தனையையும் அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டு, ரோடு போடும் கைதிகளின் குடிசையில் புகுந்து துணி திருடி மாட்டிக்கொண்டார்கள்.

இதிலென்ன பெரிய சாதனைனு கேட்கிறீங்களா? அவங்க தப்பிச்ச இடம் போர்ட் ஆர்தர் சிறை. அந்தத் தீபகற்பத்தைவிட்டு வெளியேற ஒரே தரைவழி, ஈகிள்ஹாக் நெக் என்ற ஒல்லியான மணல் திட்டு. அதன் குறுக்கே வரிசையாக வேட்டை நாய்களைச் சங்கிலியில் கட்டி, விளக்கு ஏற்றி, சிப்பாய்களையும் நிறுத்தியிருந்தார்கள். தண்ணியில சுறா இருக்குனு வேற புரளி. அந்தத் தண்ணியிலதான் நம்மாளுங்க குதிச்சாங்க. ஜார்ஜ் ஜோன்ஸ், லாரன்ஸ் கேவனா... மூன்றாவது ஆள்தான் ஹீரோ, மார்ட்டின் கேஷ். இவர் ஏற்கெனவே ஒருமுறை இதே வழியில் நீந்தித் தப்பி, மாட்டிக்கொண்டவர்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டம், எனிஸ்கார்த்தியில் 1808-ல் பிறந்தவர் கேஷ். 1827-ல் ஏழு வருஷம் நாடு கடத்தல் தண்டனை. 'என் காதலியோட பழகினவனைப் பொறாமையில சுட்டுட்டேன்' என்பது அவர் சொன்ன காரணம். கோர்ட் ரெக்கார்டு என்ன சொல்லுது தெரியுமா? வீடு புகுந்து திருடின கேஸ்! காதலுக்காகச் சுட்டவன்னா கெத்து, கன்னம் வெச்சவன்னா கேவலம்... மனுஷன் மாத்திச் சொன்னதில் ஆச்சரியமே இல்லை.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் அரசுக்குச் சிறையில் இடமில்லை. 1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 பேரைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை. கேஷும் 1828-ல் சிட்னி போய் இறங்கினார். பிறகு பெஸ்ஸி கிளிஃபோர்டு என்ற பெண்ணோடு டாஸ்மேனியா வந்து, மறுபடி திருட்டு கேஸ், மறுபடி ஏழு வருஷம்.

தப்பித்த மூவரும் 'கேஷ் அண்ட் கோ' ஆனார்கள். பண்ணை வீடு, சத்திரம் என்று ஒன்று விடாமல் கொள்ளை. ஆனா, முடிஞ்சவரை யாரையும் அடிக்கலை. அதுவே ஊருக்குள் நல்ல பேர் வாங்கித் தந்தது. பெஸ்ஸியை போலீஸ் பிடித்ததும், கவர்னர் சர் ஜான் ஃபிராங்க்ளினுக்கே ஒரு லெட்டர் போட்டாங்க பாருங்க... அவளை விடலைன்னா வீடு தேடி வந்து உங்களுக்குச் சவுக்கடி கொடுப்போம்னு! (பின்னாளில் வடதுருவப் பனியில் கப்பலோடு காணாமல்போன அதே ஃபிராங்க்ளின்தான்.)

1843 ஆகஸ்ட். பெஸ்ஸி வேறொருவருடன் வாழ்கிறாள் என்ற செய்தி கேஷின் காதுக்கு வந்தது. ஆத்திரத்தோடு ஹோபார்ட் நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டார். அயர்லாந்தில் நடந்ததாகச் சொன்ன பொறாமைக் கதை, இங்கே நிஜமாகவே நடந்தது! தெருவில் அடையாளம் கண்டு துரத்தினார்கள். ஓடும்போது மறித்த போலீஸ்காரர் வின்ஸ்டன்லியைச் சுட, அவர் இறந்துபோனார். 'யாரையும் அடிக்காத கொள்ளையன்' பட்டம் அன்றோடு காலி.

தூக்கு உறுதியானது. கடைசி நேரத்தில் அது ரத்தாகி, நார்ஃபோக் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். கூட்டாளிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜோன்ஸை 1844-ல் தூக்கிலிட்டார்கள். 1846-ல் நடந்த சிறைக் கலவரத்துக்காகக் கேவனாவையும்.

கேஷ் மட்டும் அங்கே சமர்த்துப் பிள்ளையாகி, கடைசியில் கான்ஸ்டபிள் வேலையே பார்த்தார்! 1854-ல் கல்யாணம். ஹோபார்ட்டில் அரசுத் தோட்டத்தில் வேலை. 1863-ல் முழு மன்னிப்பு. கிளனார்க்கியில் சொந்தப் பண்ணை வாங்கினார். அங்கே அவர் சொல்லச் சொல்ல, ஜேம்ஸ் லெஸ்டர் பர்க் என்பவர் எழுதிய சுயசரிதை 1870-ல் வெளியானது. காதலியின் ஆளைச் சுட்ட கதை அதில் இருக்கிறது. திருட்டு கேஸ் இல்லை. 1877-ல், சொந்த வீட்டில், கட்டிலில் படுத்தபடி இறந்தார் மார்ட்டின் கேஷ்.