பழைய மடிக்கணினிக்கு ஏற்ற பைத்தான்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர் பலரின் வீட்டுக்கு முதன்முதலாகக் கணினி வந்து சேர்ந்தது. விசைத்தறியையும் ஆழ்துளைக் கிணறு துளைக்கும் ரிக் வண்டியையும் நம்பி வாழும் திருச்செங்கோட்டு வட்டாரக் குடும்பங்களும் இப்பயனைப் பெற்றவையே. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அக்கணினிகளில், தொடக்க ஆண்டுகளில், விண்டோஸ் 7 இயங்குதளமும், சென்னையிலுள்ள சிடாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றன. 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடம் பைத்தான் நிரலாக்க மொழியைக் கற்பித்து வருவதால், அக்காள் பெற்ற மடிக்கணினியில் தம்பி அப்பாடத்தைப் பழக முடியுமா என்பது பல வீடுகளுக்கு உரிய கேள்வியாகும். முடியும்; ஆனால் கணினியின் வயதுக்கேற்ற பதிப்பைத் தேர்ந்து, அதை முறையாகக் கட்டமைக்க வேண்டும்.

ஒரு விண்டோஸ் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு அளிக்கும் காலம் வரையில்தான் புதிய பைத்தான் பதிப்புகளும் அதற்கு இடமளிக்கும் என்பது பைத்தான் உருவாக்குநர்களின் விதி. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிவுற்றதால், அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.9 அதில் இயங்குவதில்லை. பாதைப் பெயர்களைக் கையாள அப்பதிப்பு அழைக்கும் கணினிச் செயற்கூறு விண்டோஸ் 8இல்தான் அறிமுகமாயிற்று. ஆகவே விண்டோஸ் 7க்கு உரியது பைத்தான் 3.8 வரிசையே. அவ்வரிசையில் ஆயத்த நிறுவியுடன் வந்த இறுதி வெளியீடு 3.8.10. அதை நிறுவுவதற்குமுன் விண்டோஸ் 7இன் சர்வீஸ் பேக் 1 என்னும் மேம்பாட்டுத் தொகுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

லினக்ஸில் வாய்ப்பு இன்னும் விரிவானது. மனிதர் எழுதிய மூலநிரலை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளுக்கு நிரல்பெயர்ப்பி என்று பெயர். அது கணினியில் இருந்தால், பைத்தானின் மூலநிரலைப் பதிவிறக்கி, அந்த இயங்குதளத்துக்கென்றே கட்டிக்கொள்ளலாம். இதன் முதற்படி 'கன்ஃபிகர்' என்னும் சிறுநிரலை இயக்குவது. ஆழ்துளைக் கிணறு அமைப்போர் பாறையின் தன்மையறிந்து துளைக்கும் முனையைத் தேர்வதுபோல, அது சிறுசிறு சோதனை நிரல்களை இயக்கிப் பார்த்து, எந்தச் செயற்கூறு உண்டு, எது இல்லை என்று கண்டறிந்து, அதற்கேற்பக் கட்டுமானக் கட்டளைகளை எழுதித் தருகிறது. 'மேக்' என்னும் கட்டளை அவற்றைப் பின்பற்றிப் பைத்தானைக் கட்டி முடிக்கிறது. புதிய கணினியில் கட்டிய கோப்பைப் பழைய கணினிக்கு நகலெடுத்தால், அங்குள்ள அடிப்படை சி நூலகம் பழையதாக இருப்பதால் பெரும்பாலும் இயங்காது. பழைய கணினியிலேயே கட்டுவதற்குக் காரணம் இதுவே.

கன்ஃபிகர் பிழையின்றி முடிந்தாலும் எல்லாம் கைகூடிவிட்டதாகக் கொள்ளலாகாது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வரும் எஸ்கியூலைட் தரவுத்தளப் பகுதியைப் பழக வேண்டுமாயின், அதன் தலைப்புக் கோப்புகள் கட்டுமானத்துக்கு முன்பே கணினியில் இருக்க வேண்டும். இல்லையெனில் அப்பகுதி மட்டும் விடுபட்டுப் பைத்தான் உருவாகும். பாதுகாப்பான இணையத் தொடர்புக்குரிய ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்துக்கும் இது பொருந்தும்: பைத்தான் 3.10 முதல் அதன் 1.1.1 அல்லது அதற்கும் புதிய பதிப்பு தேவை. பைத்தான் 3.11 முதல் சி11 தரத்தை அறிந்த நிரல்பெயர்ப்பியும் வேண்டும். விடுபட்டவற்றின் பட்டியலை 'மேக்' இறுதியில் காட்டுவதால், அதைப் படிக்காமல் அடுத்த படிக்குச் செல்வது தவறு. நிறுவும்போது 'ஆல்ட்இன்ஸ்டால்' என்னும் கட்டளையைப் பயன்படுத்தினால், இயங்குதளம் தன் பணிகளுக்காக வைத்திருக்கும் பைத்தான் பாதிக்கப்படாமல் இரண்டும் தனித்தனியே இயங்கும்.

பாதுகாப்பு குறித்த எச்சரிக்கையும் இன்றியமையாதது. ஆதரவு முன்பே முடிந்துவிட்ட விண்டோஸ் 7 போலவே, பைத்தான் 3.8உம் 2024 அக்டோபருக்குப் பின் திருத்தங்களைப் பெறுவதில்லை. எனவே அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கையோ கடவுச்சொற்களையோ கையாளுவது தகாது. ஆனால் பட்டியல்களை வரிசைப்படுத்தவும், மடக்குகளையும் செயற்கூறுகளையும் எழுதிப் பழகவும் இணையமே தேவையில்லை. பள்ளிப் பாடத்துக்கு வேண்டிய மொழிக்கூறுகள் அனைத்தும் 3.8இல் உள்ளன. ஆகையால் பழைய மடிக்கணினியைக் கழிவென்று ஒதுக்குமுன், அதற்குப் பொருந்தும் பதிப்பை நிறுவித் தருவதைப் பள்ளிகளும் அருகிலுள்ள பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஒரு கடமையாக ஏற்க வேண்டும். புதுக் கணினி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு நிரலாக்கம் கற்கும் உரிமையை அந்த உழைப்பே உறுதிசெய்யும்.