பகைவர்கள் அருகருகே உறங்கும் கடற்கரை!

துருக்கி நாட்டின் வடமேற்கு மூலையில் ஒரு நீண்ட நிலம், கடலுக்குள் விரலை நீட்டியது போல் கிடக்கிறது. அதன் பெயர் கலிப்போலி. மூன்று பக்கம் கடல். ஒரு பக்கம் மட்டும் தரை.

இந்தத் தீபகற்பத்தின் நீளம் சுமார் 80 கிலோ மீட்டர். காரில் விரட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்து விடலாம். ஆனால் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு, நாலைந்து நாள் தங்கித் தங்கிப் போகிறவர்களே இந்த மண்ணை உண்மையில் பார்க்கிறார்கள்.

கடலுக்குச் சாட்டையடி

இஸ்தான்புல் நகரில் இருந்து வரும் சாலை, முதலில் பொலாயிர் என்ற ஊரைத் தொடுகிறது. தீபகற்பத்தின் கழுத்து இதுதான். மேட்டில் ஏறி நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும்.

அங்கிருந்து தெற்கே போகப் போக, இடது பக்கம் டார்டனல்ஸ் ஜலசந்தி கூடவே வருகிறது. இக்கரை ஐரோப்பா. அக்கரை ஆசியா! மிகக் குறுகிய இடத்தில் இதன் அகலம் 1,200 மீட்டர்தான்.

கி.மு. 480-ல் பாரசீக மன்னன் செர்க்சஸ் இங்கே படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் அமைத்தான். புயல் அதை அடித்துக்கொண்டு போயிற்று. மன்னனுக்கு வந்ததே கோபம்! "கடலுக்கு 300 சாட்டையடி கொடுங்கள்" என்று உத்தரவு போட்டானாம். கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரடோட்டஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இன்று அதே ஜலசந்தி மீது ஒரு தொங்கு பாலம் நிற்கிறது. 2022-ம் ஆண்டு திறக்கப்பட்டது. இரண்டு கோபுரங்களுக்கு இடையே 2,023 மீட்டர் தூரம்!

பைன் மர நிழலில்

மேற்குக் கரையில் கபாத்தெபே பக்கம் கூடாரம் அடிக்க இடம் உண்டு. பைன் மர நிழல், தெளிந்த கடல், ரொட்டி, தக்காளி, ஆலிவ் காய். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனால் கண்ட இடத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. 1994-ம் ஆண்டு ஜூலை மாதம் பிடித்த காட்டுத் தீ, இந்த மலைகளைக் கருக்கி விட்டது. இப்போது நிற்கும் மரங்களில் பல, அதற்குப் பிறகு நட்டவை.

சாலையே போர்க்களம்

முதல் உலகப் போரில், 1915-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இங்கே கரை இறங்கின. ஜலசந்தியைப் பிடித்து இஸ்தான்புல்லுக்கு வழி திறப்பது அவர்கள் திட்டம். துருக்கியர் விடவில்லை. எட்டு மாதத்துக்கு மேல் சண்டை நடந்தது.

சில இடங்களில் இரு தரப்புப் பதுங்கு குழிகளுக்கும் இடைவெளி 10 மீட்டர்தான். இன்று மலை முகட்டில் கார் போகிற சாலை, அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது!

சுனுக் பாயர் சிகரத்தில் ஒரு குண்டுச் சிதறல், துருக்கித் தளபதி முஸ்தபா கமாலின் மார்பில் பாய்ந்தது. சட்டைப் பையில் இருந்த கடிகாரம் உடைந்தது. உயிர் தப்பியது. பின்னாளில் துருக்கிக் குடியரசை அமைத்த கமால் அத்தாதுர்க் அவர்தான்.

மே 24-ந் தேதி மட்டும் ஒரு பகல் பொழுது துப்பாக்கிகள் ஓய்ந்தன. இறந்தவர்களைப் புதைப்பதற்காக! அன்று எதிரிகள் நேருக்கு நேர் நின்று, ஒருவருக்கொருவர் சிகரெட் கொடுத்துக்கொண்டார்கள். பிறகு மீண்டும் சுட்டுக்கொண்டார்கள்.

1916 ஜனவரியில் படையெடுத்தவர்கள் தோற்றுத் திரும்பினார்கள். இரு தரப்பிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். பெரும்பாலோர் இளைஞர்கள்.

கல்லில் இந்தியப் பெயர்கள்

தெற்கு முனையில் ஹெலஸ் நினைவுத் தூண் உயர்ந்து நிற்கிறது. அதில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். சீக்கியர், கூர்க்கர் பெயர்களும் உண்டு. கோவேறு கழுதைகள் மீது தண்ணீரும் குண்டும் சுமந்து சென்ற இந்தியர்களும் இந்தப் போரில் இருந்தார்கள். "நம் நாட்டுக்காரர்கள் இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், பெற்றோர் அடிமை இந்தியாவின் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அருகிலேயே துருக்கி வீரர்களின் நினைவிடங்கள். பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து பார்க்கிறார்கள்.

படையெடுத்து வந்தவர்களின் கல்லறைகளும் பாழாகக் கிடக்கவில்லை. களை எடுத்து, பூச்செடி வைத்து, தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தத் தோட்டக்காரர்கள் துருக்கியர்கள்!