சிலிகாவுக்குத் திரும்பிய சிறகுகள்

ஒடிசா மாநிலக் கடற்கரையில் சிலிகா ஏரி பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் இதன் பரப்பு 1,100 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இத்தகைய நீர்நிலையைக் காயல் என்பர். சைபீரியா, மங்கோலியா முதலிய குளிர்நிலங்களிலிருந்து பறவைகள் ஆண்டுதோறும் குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருகின்றன. உலகில் எண்ணிக்கை குறைந்துவரும் கருவால் மூக்கனும் அவற்றுள் ஒன்று. ஆயினும், ஒரு காலத்தில் இவற்றின் வருகை பெரிதும் குறைந்தது. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதற்காரணம் நீரின் மாற்றம். மகாநதியின் கிளையாறுகள் கொண்டுவந்த வண்டல் காயலில் படிந்தது. காயலைக் கடலோடு இணைக்கும் நீர்வழி தூர்ந்தது. கடல்நீர் வரத்துக் குறைந்ததால் உவர்ப்புத் தணிந்தது, களைகள் மண்டின, மீன்வளம் நலிந்தது. 1981இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ச் சிறப்பிடம் பெற்ற சிலிகா, 1993இல் சீர்கெட்டுவரும் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இரண்டாவது காரணம் வேட்டை. காயலின் வடகரையில் மங்களாஜோடி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரார் பலர் பறவைகளைச் சுட்டும் நஞ்சு வைத்தும் கொன்று, இறைச்சியை விற்றனர். சட்டம் அதனைத் தடை செய்திருந்தது. எனினும், வேட்டையே பிழைப்பாக இருந்தமையால் அது ஓயவில்லை.

2000ஆம் ஆண்டு இவ்விரண்டுக்கும் தீர்வு தந்தது. சிலிகா வளர்ச்சி ஆணையம் அவ்வாண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் ஒன்றை வெட்டியது. ஓதநீர் மீண்டும் உட்புகுந்தது, உவர்ப்பு உயர்ந்தது, மீன்கள் பெருகின. 2002இல் அப்பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது.

அதே 2000ஆம் ஆண்டில், மங்களாஜோடி மக்கள் வேட்டையைக் கைவிட்டுப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். பறவைகள் மேயும் இடமும் அடையும் இடமும் அவற்றின் குரலும் வேடர்களுக்கு நன்கு தெரியும். கொல்வதற்குப் பயன்பட்ட அவ்வறிவே காப்பதற்கும் உதவியது. இன்று அவர்கள் சதுப்புநிலத்தைக் காவல் காக்கின்றனர். துடுப்பும் கழியும் கொண்டு செலுத்தும் படகுகளில் பயணிகளை அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டுகின்றனர். கொன்று விற்ற பறவை ஒரு நாள் உணவுக்கே உதவியது. உயிருடன் உள்ள பறவையோ ஆண்டுதோறும் வருவாய் தருகிறது. சில ஆயிரமாகச் சுருங்கியிருந்த பறவைகள் இப்போது அவ்வூரின் சதுப்புநிலத்தில் இலட்சத்துக்கும் மேலாக வந்து தங்குகின்றன.

நீரை மட்டும் சீர்செய்திருந்தால், வந்த பறவைகள் வேட்டைக்கு இரையாகியிருக்கும். வேட்டையை மட்டும் நிறுத்தியிருந்தால், பறவைகளுக்கு ஏற்ற வாழ்விடம் இருந்திராது. பறவைகளை எவரும் கட்டளையிட்டு அழைக்க இயலாது. அவற்றுக்கு நல்ல வாழ்விடத்தையும், அக்கரையில் வாழும் மக்களுக்கு நேரிய பிழைப்பையும் அமைத்துக் கொடுத்தால், அவை தாமே திரும்பி வரும்.