வாசலை விட்டு நகர்ந்த சோதனை

ராயபுரத்தில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் தொடங்கும் டிரெய்லர் வரிசை காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச்சாலை நெடுக நின்ற காலத்தை வடசென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். டிரைவர்கள் வண்டி ஓரத்திலேயே சமைத்துச் சாப்பிட்டு, கேபினிலேயே தூங்கினார்கள். கடலரித்த, குண்டும் குழியுமான சாலை ஒரு காரணம். சீல் சரிபார்ப்பு, தாள் சரிபார்ப்பு என்று மெதுவான வேலைகளையெல்லாம் வாசலிலேயே வைத்திருந்தது இன்னொன்று. ஒரு வண்டியின் காகிதத்தில் சிக்கல் என்றால் பின்னால் நிற்கும் அத்தனை வண்டிக்கும் அதுதான் சிக்கல்.

நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983-ல் இந்தத் துறைமுகத்தில்தான் வந்தது. கப்பலில் இருந்து பெட்டியை இறக்குவது நிமிடக் கணக்கானது. அதைத் திறந்து, எண்ணி, மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவது நாள் கணக்காகவே இருந்தது. அதனால் அந்த வேலைகள் மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்து சி.எஃப்.எஸ் எனப்படும் கன்டெய்னர் சரக்குக் கிடங்குகளுக்குப் போயின. 2005 இறுதியில் சுங்கத்துறை இடர் மேலாண்மை முறையைக் கொண்டுவந்தது. எல்லாப் பெட்டியையும் நிறுத்தாமல், சந்தேகத்துக்குரியதைக் கணினி பொறுக்கியது. 2011-ல் இறக்குமதியாளரே வரியைக் கணக்கிடும் சுயமதிப்பீடு வந்தது. 2018-ல் சரக்கு வெளியேறிய பிறகு கணக்கைத் தணிக்கை செய்வதற்குச் சுங்கச் சட்டத்திலேயே தனிப் பிரிவு சேர்ந்தது. 2020 ஜூன் 8 முதல், சென்னையில் இறங்கிய இயந்திரச் சரக்கின் தாள்களைப் பெங்களூரு அதிகாரி பார்க்கவும் வழி பிறந்தது.

நம் மென்பொருள் நிறுவனங்களும் இப்படித்தான் செய்கின்றன. நிரலில் மாற்றம் சேரும் ஒவ்வொரு முறையும் சில நிமிடத்தில் முடியும் சோதனைகளை மட்டும் ஓட்டி, மணிக்கணக்கானவற்றை இரவுக்குத் தள்ளுகிறார்கள். அடுத்தவர் வேலை தேங்குவதில்லை. ஆனால் இரவில் ஓடியது என்ன சொன்னது என்று காலையில் ஒருவர் பார்த்தாக வேண்டும். பார்க்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை மணலி அறியும்.

2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட் மணலிப் பகுதிக் கிடங்கு ஒன்றுக்குப் போனது. 37 கன்டெய்னர், சுமார் 700 டன். துறைமுக வாசலை அது அடைக்கவில்லை, யாருடைய வண்டியையும் தாமதிக்கவில்லை. அதனாலேயே அவசரமும் யாருக்கும் இல்லை. வழக்கு நடந்தது, சரக்கு கிடந்தது. அபாயகரமான பொருளை வழக்கு முடியும் முன்பே அப்புறப்படுத்தச் சுங்கச் சட்டத்தின் 110(1ஏ) பிரிவு இடம் தருகிறது. அப்படியிருந்தும் ஐந்தாண்டு போயிற்று. 2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகத்தில் அதே ரசாயனம் வெடித்த பிறகுதான், அடுத்த சில நாட்களில் ஏலத்தில் விற்ற சரக்கோடு லாரிகள் ஹைதராபாத்துக்குப் புறப்பட்டன. பக்கத்துத் தெருக்களில் குழந்தை குட்டிகளோடு குடியிருந்தவர்களில் பலருக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது.

சோதனையை வாசலை விட்டு நகர்த்தியது சரியான முடிவு. பழைய வரிசைக்குத் திரும்பச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த டிரைவர்களின் இரவுகளுக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. நகர்த்திய வேலைக்கு ஒரு கெடுவும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் அதிகாரியும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். மணலியிலும் திருவொற்றியூரிலும் உள்ள ஒவ்வொரு சி.எஃப்.எஸ்-ஸிலும் எந்த ஆபத்தான சரக்கு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்ற பட்டியல், அந்தந்தப் பகுதித் தீயணைப்பு நிலையத்தின் சுவரில் தொங்க வேண்டும்.