சந்திரன் சீட்டுக்கு ஏன் மீன ராசி?

டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு, அவற்றில் 22 பெரிய படச்சீட்டுகள் என்பதெல்லாம் இப்போது கைபேசியில் தினப்பலன் பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததே. அதை விட்டுவிட்டு ஒரே ஒரு சீட்டை மட்டும் பார்ப்போம்: 18-ஆம் சீட்டான சந்திரன். ஆர்தர் எட்வர்ட் வெய்ட் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-இல் லண்டனில் வெளிவந்த கட்டுதான் இன்று பெரிதும் புழங்குகிறது. அதன் சந்திரன் சீட்டில் நிலவைப் பார்த்து நாயும் ஓநாயும் அண்ணாந்து நிற்கின்றன. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரு பாதை போகிறது. முன்னால் இருக்கும் குளத்திலிருந்து நண்டும் இறாலும் கலந்தாற்போல ஓர் உயிர் கரையேறுகிறது. மயக்கம், காரணம் புரியாத பயம், தெளிவில்லாத வழி என்று இதற்குப் பலன் சொல்வார்கள். இந்தச் சீட்டுக்கு உரிய கிரகம் சந்திரன் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சீட்டுகளுக்குக் கிரகமும் ராசியும் வகுத்த பட்டியலில் அப்படி இல்லை. இதற்குத் தரப்பட்டிருப்பது மீன ராசி; சந்திரன் 2-ஆம் சீட்டான பெண் பூசாரியிடம் போய்விட்டது. நண்டை ஒத்த உயிர் இருப்பதால் கடகமாவது பொருந்தும், சந்திரனின் வீடு கடகம் என்பதில் நம் ஜோதிடமும் மேல்நாட்டு ஜோதிடமும் ஒத்துப்போகின்றன என்று பார்த்தால், கடகமும் 7-ஆம் சீட்டான தேருக்குப் போயிருக்கிறது.

இந்த முரணுக்குக் காரணம் வானத்தில் இல்லை, எழுத்து வரிசையில் இருக்கிறது. 1888-இல் லண்டனில் தோன்றிய ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானக் குழுவினர், 22 சீட்டுகளை எபிரேய மொழியின் 22 எழுத்துகளோடு வரிசையாகப் பொருத்தினார்கள். செஃபெர் யெட்சிரா என்ற பழைய யூத நூல் அந்த எழுத்துகளை 3, 7, 12 எனப் பிரிக்கிறது. மூன்று எழுத்துகள் பூதங்களுக்கு, ஏழு கிரகங்களுக்கு, பன்னிரண்டு ராசிகளுக்கு என்று கணக்கு மிக அழகாகக் கூடிவந்தது. பன்னிரண்டில் கடைசி எழுத்து சந்திரன் சீட்டுக்கு நேராக வந்ததால் கடைசி ராசியான மீனமும் அதற்கே வாய்த்தது. படத்தில் என்ன இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் சேரவில்லை. அந்தப் படமும் ஆதியிலிருந்து ஒன்றாக இருந்ததில்லை. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இவை விளையாட்டுச் சீட்டுகள். மிலான் பிரபுக்களுக்காக வரைந்த ஒரு கட்டில் சந்திரன் என்பது கையில் பிறை ஏந்திய பெண். இன்னொரு பழைய கட்டில் கவராயத்தோடு நிற்கும் இரண்டு வானநூலார். இவற்றில் எகிப்தியரின் ரகசிய ஞானம் ஒளிந்திருக்கிறது என்று பாரிஸில் கூர் தெ ஜெபெலின் எழுதியது 1781-இல்தான். அதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை.

சூதாட்டச் சீட்டையும் நவக்கிரக மரபையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று காவிரிக் கரையில் கேட்பார்கள். வழிபாட்டின் ஆழத்தில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கிரகத்துக்கு ஒரு தானியம், நிறம், திசை, உலோகம் என்று அடுக்கும் வேலை இரண்டுக்கும் பொது. திருவையாற்றை அடுத்த சந்திரன் தலமான திங்களூரில் அவருக்கு உரிய தானியம் நெல். வெண்மை, குளிர்ச்சி, நீர் என்று யோசித்தால் இது மனத்துக்கு உடனே ஒட்டுகிறது, அதிலும் நெல்லே வாழ்வாக இருக்கும் படுகையில். சூரியனுக்கோ கோதுமை. சூரியனார்கோயிலைச் சுற்றி எந்த வயலிலும் கோதுமை விளைவதில்லை. குறுவையும் சம்பாவும் தாளடியும்தான். பட்டியல் வேறு மண்ணில் உருவாகி இங்கே வந்து சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அதனால் அது மதிப்பற்றது என்று நான் சொல்லவில்லை. உலகத்தை ஓர் ஒழுங்கில் நினைவில் நிறுத்த மனிதர் செய்த கைவேலை அது. வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. திங்களூர், திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதியடிகளின் ஊர். சந்திர தோஷத்துக்குப் பரிகாரம் தேடி வருகிறவர்கள் பலர் அவரைப் பற்றிக் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள். மூலவர் கைலாசநாதர் என்பதுகூடச் சிலருக்குப் பொருட்டில்லை.

சந்திரன் கடலையே இழுக்கிறதே, மனித வாழ்வை இழுக்காதா என்பது அடுத்த கேள்வி. இழுக்கிறது என்பது உண்மை. நாகப்பட்டினம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் உயர்கிறது. அந்த இழுப்பு கரையில் நிற்கும் எல்லாருக்கும் ஒன்றுதான், முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணை போட முடிகிறது, தவறினால் தவறு என்று தெரிந்துவிடுகிறது. சீட்டுப் பலனுக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. அதற்கு மேல் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. மேல்நாட்டு ராசிச் சக்கரத்துக்கும் நம் பஞ்சாங்கச் சக்கரத்துக்கும் இன்று ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். ஏப்ரல் 5-இல் பிறந்தவருக்கு மேல்நாட்டுக் கணக்கில் சூரியன் மேஷத்தில், எனவே சீட்டு 4-ஆவதான பேரரசர். நமக்கோ அது பங்குனி, சூரியன் மீனத்தில். அப்படியானால் சீட்டு சந்திரன். மேலும் நாம் ராசி என்று சொல்வது பிறந்தபோது சந்திரன் நின்ற இடம். அவர்கள் சொல்வது சூரியன் நின்ற இடம். இந்த வேறுபாடுகளைச் சொல்லாமல் “உங்கள் ராசிக்கு இந்தச் சீட்டு” என்று காசு வாங்குவது தவறு. அதைக் காட்டிக் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. படத்தை ரசியுங்கள், அதன் கதையைப் படியுங்கள். பலன் கேட்கத்தான் போகிறீர்கள் என்றால், எந்தச் சக்கரம், யார் போட்ட பட்டியல் என்ற இரண்டையும் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.