புள்ளிராஜாவின் மனைவிக்கு என்ன வழி?

‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி மறந்திருக்காது. வீட்டுச் சிறுவர்கள் இதைச் சத்தமாகக் கேட்டுவைக்க, பெரியவர்கள் நெளிந்ததும் நினைவிருக்கும். ஆணுறை பற்றிய பேச்சு நம் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது அப்போதுதான். ஆனால், புள்ளிராஜாவுக்கு வந்தால் வீட்டில் இருக்கும் அவர் மனைவி என்ன செய்வார் என்று அந்நாளில் நாம் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆணுறையை அணிய வேண்டியவர் ஆண். மனைவி அதைப் பற்றி வாய் திறந்தால், ‘என்னைச் சந்தேகப்படுறியா?’ என்றோ, ‘உனக்கு எதுக்கு இந்தப் பயம்?’ என்றோ பதில் வரும். இரண்டுமே சண்டையில்தான் முடியும். கணவரைத் தவிர வேறு உறவே இல்லாத பெண்களுக்கு எச்.ஐ.வி தொற்றியிருப்பதை இந்திய மருத்துவர்கள் 1990-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியானால், யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல் ஒரு பெண் தன்னைத் தானே காத்துக்கொள்ள ஒரு வழி வேண்டாமா?

இந்தக் கேள்விதான் விஞ்ஞானிகளை ‘மைக்ரோபிசைடு’ பக்கம் திருப்பியது. பெண்ணுறுப்பின் உள்ளே இட்டுக்கொள்ளும் ஜெல், கிரீம் அல்லது வளையம். கிருமி உடலுக்குள் நுழையும் இடத்திலேயே அதைத் தடுப்பது இதன் வேலை.

முதல் முயற்சி பெரிய அடி. கருத்தடைக்காக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ‘நானாக்ஸினால்-9’ என்ற மருந்து, ஆய்வகத்தில் எச்.ஐ.வி-யையும் கொன்றது. ஆனால் தென் ஆப்பிரிக்கா, பெனின், ஐவரி கோஸ்ட், தாய்லாந்து நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் சோதித்தபோது, அதைப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் தொற்று கூடுதலாக வந்தது. 2000-ம் ஆண்டு டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் இந்த முடிவு வெளியானது. அந்த மருந்தின் குணம் சோப்பு போன்றது. வைரஸின் மேலுறையைக் கரைத்ததைப் போலவே, அடிக்கடி பயன்படுத்தியபோது உள்தசையின் மென்மையான படலத்தையும் அரித்துவிட்டது. காவலுக்கு நிறுத்தியவனே கதவைத் திறந்துவிட்ட கதை.

அடுத்து பருத்தியிலிருந்து தயாரித்த ‘செல்லுலோஸ் சல்பேட்’ ஜெல். ஆப்பிரிக்க நாடுகளோடு நம் சென்னையிலும் கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் அதன் சோதனை நடந்தது. 2007 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜெல் பயன்படுத்தியவர்களிடையே தொற்று கூடுவதாகத் தெரிந்ததுதான் காரணம். கடல்பாசியிலிருந்து எடுத்த ஜெல்லை தென் ஆப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். 2008-ல் வந்த முடிவு: கெடுதலும் இல்லை, பலனும் இல்லை.

2010 ஜூலையில்தான் வெளிச்சம் தெரிந்தது. தென் ஆப்பிரிக்காவின் குவாரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் தம்பதி, குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 889 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை வியன்னா மாநாட்டில் அறிவித்தார்கள். எச்.ஐ.வி சிகிச்சைக்குக் கொடுக்கப்படும் ‘டெனோஃபோவிர்’ மருந்தையே 1% ஜெல்லாக்கியிருந்தார்கள். உறவுக்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒருமுறை, பிந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒருமுறை பயன்படுத்த வேண்டும். எச்.ஐ.வி தொற்று 39% குறைந்தது. பிறப்புறுப்பு ஹெர்பிஸ் 51% குறைந்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தென் ஆப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களை வைத்து ‘வாய்ஸ்’ என்ற பெரிய ஆய்வு நடந்தது. சிலருக்கு மாத்திரை, சிலருக்கு ஜெல். தினமும் பயன்படுத்த வேண்டும். எதுவும் பலன் தரவில்லை. ‘தவறாமல் பயன்படுத்துகிறேன்’ என்றுதான் பெரும்பாலான பெண்கள் சொல்லியிருந்தார்கள். கொடுத்த கணக்கின்படி சுமார் 90%! ஆனால் ரத்தத்தைச் சோதித்தால், ஜெல் வாங்கிச் சென்றவர்களின் மாதிரிகளில் ஏறக்குறைய கால்வாசியில்தான் மருந்து இருந்தது.

பொய் சொன்னார்கள் என்று முடித்துவிடுவது சுலபம். பிறகு அவர்களிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் காரணங்கள் வந்தன. பக்கவிளைவு பயம். ‘எச்.ஐ.வி மருந்தை வைத்திருக்கிறாளே, அவளுக்கே நோய் இருக்குமோ’ என்று அக்கம்பக்கம் பேசும் என்ற பயம். துணைவர் பார்த்தால் என்ன சொல்வாரோ என்ற பயம். நோயே இல்லாதபோது தினமும் மருந்து எதற்கு என்ற சலிப்பு. வீட்டில் சர்க்கரை மாத்திரையை ஒளித்துவைக்கும் மாமனாரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்படியானால் தினமும் நினைவில் வைக்கத் தேவையில்லாத ஒன்று வேண்டும். ‘டேப்பிவிரின் வளையம்’ அந்த வகை. வளையக்கூடிய சிலிகான் வளையம். பெண் தானே உள்ளே பொருத்திக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். மருந்து சிறிது சிறிதாகக் கசிந்து, பெரும்பாலும் அந்த இடத்திலேயே தங்கும். 2016-ல் வெளியான இரண்டு ஆப்பிரிக்க ஆய்வுகளில் தொற்று 27%, 31% எனக் குறைந்தது. அவற்றில் ஒன்றில், 21 வயதைத் தாண்டிய பெண்களிடம் 56% வரை பலன் தெரிந்தது. அதற்குக் கீழான வயதில் பலனே இல்லை; அவர்கள் வளையத்தைத் தொடர்ந்து அணியாததும் ஒரு காரணம்.

27% என்றதும் உதட்டைப் பிதுக்கத் தோன்றும். ஆனால், ஆணுறை கேட்க முடியாத பெண்ணுக்கு இதோடு ஒப்பிட வேண்டியது நூறை அல்ல, பூஜ்யத்தை. உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் இதைக் கூடுதல் வழியாகத்தான் பரிந்துரைத்தது. ஜிம்பாப்வே, தென் ஆப்பிரிக்கா அனுமதித்தன. அமெரிக்காவிலோ, தயாரிப்பாளர்களே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். இந்த வளையம் கர்ப்பத்தையும் மற்ற பால்வினை நோய்களையும் தடுக்காது. கருத்தடை மருந்தையும் சேர்த்து ஒரே வளையமாக்கும் முயற்சி நடக்கிறது.

2024-ல் இன்னொரு செய்தி வந்தது. ‘லெனகாபவிர்’ என்ற, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. தென் ஆப்பிரிக்கா, உகாண்டாவில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி வரவில்லை. இது மைக்ரோபிசைடு அல்ல. ஆனாலும், ஒளித்துவைக்கப் பெட்டியோ டப்பாவோ தேவைப்படாத பாதுகாப்பு.

நம் ஊரில் இன்றைக்கு என்ன செய்யலாம்? அரசு மருத்துவமனைகளில் உள்ள ‘நம்பிக்கை மைய’த்தில் எச்.ஐ.வி பரிசோதனை இலவசம். விவரங்களை ரகசியமாக வைத்திருப்பார்கள். தொற்று ஏற்பட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யாரிடமும் கேட்கத் தயக்கமாக இருந்தால், 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.